கையெழுத்துப் போடுமுன் ஒரு நடை வாருங்கள்

உத்தண்டியிலும் கானத்தூரிலும் கல்பாக்கம் பக்கமும் தங்கிக் கப்பல் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு,



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உங்களைப் பார்க்கிறேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் வந்து உட்காருகிறீர்கள். ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்தாலே இன்ன படிப்பு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தெரிந்துவிட்டால் போதும், செல்போனை எடுத்து அது எந்தக் கொடி, எங்கிருந்து வருகிறது, அடுத்த துறைமுகம் எது என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்த ஆர்வத்தைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

போன மாதம் உங்களில் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், வார் ஏரியாவுக்குள்ள போனா டபுள் பேசிக் குடுப்பாங்களாமே, நெஜமா?" பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை, "அதுக்குன்னே போறவங்க இருக்காங்களாம் அங்கிள்" என்றாள். "நிஜம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பாதிப் பதில். மீதியை எழுதித்தான் தர முடியும் என்று தோன்றியது.

நான் முப்பத்திரண்டு வருடம் இன்ஜின் ரூமில் இருந்தவன். ஜூனியர் இன்ஜினியராக ஏறி, சீஃப் இன்ஜினியராக இறங்கினேன். சொந்த ஊர் இந்தத் திருவிடந்தைதான். முதல் டேங்கர் கிடைத்தது 1987-இல். ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒருவரை இன்னொருவர் எண்ணெய் விற்க விடக் கூடாது என்று 1984 முதலே இரண்டு பக்கமும் டேங்கர்களை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். 1988-இல் ஓய்வதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அடிபட்டன. அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு நாட்டின் கப்பலே அல்ல. அவற்றில் வேலை பார்த்தவர்களுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பம்பாயில் சைன் ஆன் செய்தபோது ஏஜென்ட் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். "வார் போனஸ், இங்க போடு." போட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஆயிலரும் போட்டார், பின்னால் நின்ற ஃபிட்டரும் போட்டார். போகமாட்டேன் என்று சொல்ல முடியுமா, சொன்னால் யார் செலவில் ஊருக்குத் திரும்புவது, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அம்மாவுக்கு எவ்வளவு போய்ச் சேரும்? இவற்றில் ஒரு கேள்விகூட எங்கள் வாயில் வரவில்லை. வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்தோம்.

ஹோர்முஸ் நீரிணையை நீங்கள் சார்ட்டில் படித்திருப்பீர்கள். குறுகலான இடத்தில் ஏறத்தாழ 21 கடல் மைல். அதில் பெரிய கப்பல்கள் உள்ளே போக இரண்டு மைல், வெளியே வர இரண்டு மைல், நடுவே இரண்டு மைல் இடைவெளி. 2024-இல் உலகம் எரித்த எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சந்து வழியாகத்தான் வந்தது. சார்ட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இரவு சேனல் பதினாறில் ஒரு குரல் வரும். கப்பல் பேர் என்ன, கடைசியாக எந்தத் துறைமுகம், அடுத்து எங்கே, என்ன சரக்கு? பிரிட்ஜில் கேப்டன் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பதில் கேட்டவர்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பது கீழே இன்ஜின் ரூமில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. ஒரு வெடிப்பு வந்தால்தான் தெரியும்.

எண்ணெய் நிரம்பிய தொட்டியில் ஏவுகணை பட்டால் பெரிய டேங்கர் பல நேரம் தாங்கிக்கொண்டது. பின்பக்கத்தில் நாம் சாப்பிட்டுத் தூங்கும் இடத்தில் பட்டபோதுதான் ஆள் செத்தார்கள். படகில் வந்து ராக்கெட் அடித்தவர்கள் குறிவைத்ததும் அந்த இடத்தைத்தான். அதனால் நாங்கள் கேபினில் படுக்கவில்லை. மெத்தையை இழுத்துவந்து உள் வராந்தாவில் போட்டு, ஷூவைக் கழற்றாமல், லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். ஒரு விடியற்காலை, எங்களுக்கு முன்னால் போன கப்பல் எரிவதைப் பார்த்தோம். எங்கள் கப்பல் அதைத் தாண்டிப் போனபோது ரெயிலிங்கில் நின்ற ஒருவரும் பேசவில்லை. சமையல்காரர் மட்டும், "அங்கயும் இப்ப டீ போட்டுட்டு இருந்திருப்பாங்க" என்றார்.

இங்கே வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆகவேண்டியவர்கள் பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனபின் ஜோடியாக அந்தக் காய்ந்த மாலையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நான் கப்பல் ஏறுமுன் அம்மா என்னை அப்படிச் சுற்றவைத்து, மாலையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். ரேடியோ செய்தியில் 'பாரசீக வளைகுடா' என்ற வார்த்தை வந்தால் எழுந்து போய் அந்த மாலையைத் தொட்டுப் பார்ப்பார்களாம். பூ உதிர்ந்து நார் மட்டும் மிஞ்சிய பிறகும் தொட்டார்களாம். என் கடிதம் வர மூன்று வாரம் ஆகும். அது வரும்போது நான் எழுதிய இடத்தில் நான் இருக்கமாட்டேன்.

இந்தச் சண்டையெல்லாம் எங்கோ அரபிக் கடலுக்கு அப்பால் நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் இதே தண்ணீரில் நடந்திருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். இங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் இருக்கும், கல்பாக்கத்தில் தங்கியிருப்பவர்களுக்கு நடக்கிற தூரம். டச்சுக்காரர்கள் துணி வாங்கி ஏற்றுமதி செய்த இடம். செங்கல் மதில், கிடங்குகள், மூலையில் நுணுக்கமாகச் செதுக்கிய டச்சுக் கல்லறைகள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்.

1782 பிப்ரவரி 17 அன்று அந்தக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூசும் மோதினார்கள். ஹியூசிடம் ஒன்பது போர்க்கப்பல்கள், சுஃப்ரேனிடம் அதைவிட அதிகம். சண்டையின் வேர் அமெரிக்காவில். அங்கே ஆங்கிலேயருக்கு எதிராக பிரான்ஸ் இறங்கியது, பிறகு ஹாலந்தும் சேர்ந்தது. உடனே இங்கே சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று டச்சு இடங்களை ஆங்கிலேயர் வரிசையாகப் பிடித்தார்கள். சுஃப்ரேன் வந்தது ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்த மைசூர் ஹைதர் அலிக்குப் படை கொண்டுவந்து இறக்கவும், சென்னைக்குக் கடல் வழியாக வரும் எல்லாவற்றையும் அறுக்கவும். நம் கரையில் அன்றைக்கு ஒதுங்க ஒரு நல்ல துறைமுகம் கிடையாது. வாடைக் காலத்தில் இந்தக் கரையோரம் நங்கூரம் போட்டு நின்றால் கப்பல் மிஞ்சாது. ஒதுங்கத் தெற்கே திருகோணமலைதான். அதை வைத்திருப்பவன் கையில் இந்த வழி முழுவதும். அதற்காகத்தான் அத்தனை அடிதடி.

பிற்பகலில் வடகிழக்கிலிருந்து காற்று குத்திக் குத்தி அடிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேய வரிசையின் பின்பாதி மீது விழுந்தன. ஹியூசின் 'சூப்பர்ப்' சிதைந்தது. 'எக்ஸீட்டர்' கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்கு வந்தது. இரண்டின் கேப்டன்களும் செத்தார்கள். ஆறு மணி வாக்கில் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. அதுவரை முன்னால் போய்த் திரும்பி வர முடியாமல் தவித்த ஆங்கிலேயக் கப்பல்கள் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு உதவிக்கு வந்துவிட்டன. இருட்டிவிட்டது. யாரும் யார் கப்பலையும் பிடிக்கவில்லை. அடுத்த பதினாறு மாதத்தில் இவர்கள் இருவரும் இன்னும் நான்கு தடவை மோதினார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இரண்டு தடவை, நாகப்பட்டினத்தில் ஒரு தடவை, கடைசியாகக் கடலூரில்.

கடலூர்ச் சண்டையைப் பற்றி உங்கள் பாடத்தில் இருக்காது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். அந்த நேரத்தில் இரண்டு கடற்படையிலும் ஆள் பஞ்சம். நோயிலும் சண்டையிலும் போனவர்கள் போக, பீரங்கியை இழுத்து மருந்து திணிக்கக்கூட சுஃப்ரேனுக்குக் கை போதவில்லை. கடலூரில் முற்றுகைக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி தன் படையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கப்பல்களுக்கு அனுப்பினார். அதில் நூற்றுக்கணக்கானவர்கள் இந்தியச் சிப்பாய்கள். தரையில் துப்பாக்கி பிடித்தவர்களைத் திடீரென்று கப்பலின் கீழ்த்தளத்தில் பீரங்கிப் பக்கம் நிறுத்தினார்கள். 1783 ஜூன் 20-ஆம் தேதி சண்டை நடந்தது. இரண்டு தரப்பிலும் பலர் செத்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரி 20-இல், வெர்சாயில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்தச் செய்தி கப்பலேறி நம் கரைக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்.

சுஃப்ரேன் பெயரைத் தன் போர்க்கப்பல்களுக்கு பிரான்ஸ் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிப்பாய்கள் யார், எந்த ஊர், அவர்கள் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள், சொன்னார்களா? நான் தேடிப் படித்த எந்தப் புத்தகத்திலும் அவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

கரையில் இருந்தவர்களும் தப்பவில்லை. ஹைதர் படையெடுப்பில் உள்நாட்டு வயல்கள் பாழாகிவிட, சென்னைக்கு அரிசி வடக்கேயிருந்து, வங்காளத்திலிருந்து, கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. அந்த அரிசிக் கப்பல்களைப் பிடிப்பது பிரெஞ்சுக் கப்பல்களுக்கு ஒரு போர்முறை. 1782-இல் சென்னையில் பஞ்சம் பிடித்தது. பழைய வண்ணாரப்பேட்டை மணியக்காரர் சத்திரம் அந்தப் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான். கடல் வழியை அடைத்தால் முதலில் யார் வயிறு காயும் என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போகவேண்டியதில்லை.

கோவளமும் இந்தக் கதையில் உண்டு. ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசரிடம் 1722-இல் சாசனம் வாங்கிய ஆஸ்டெண்ட் என்ற வியாபாரக் கம்பெனி அங்கே கிடங்கு வைத்திருந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஐரோப்பாவில் கொடுத்த நெருக்கடியில் 1727-இல் அதன் வியாபாரத்தை நிறுத்தி, 1731-இல் அடியோடு மூடினார்கள். பிறகு அங்கிருந்த கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் கைக்கு வந்தது. இன்று அந்த மணலில் ஃபைபர் படகுகள் நிற்கின்றன, பிள்ளைகள் அலைச்சறுக்கு கற்றுக்கொள்கிறார்கள்.

நம் திருவிடந்தையிலேயே 2018 ஏப்ரலில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நான்கு நாள் நடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், பல நாட்டு அதிகாரிகள். நானும் போனேன். ஒரு அரங்கில் கப்பலைத் தாக்கும் ஏவுகணையின் மாதிரி ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். விளக்கிய பையன் உங்கள் வயதுதான், நன்றாகப் படித்தவன், மரியாதையாகப் பேசினான். தூரம், வேகம், எடை எல்லாம் சொன்னான். எனக்கு அந்த உள் வராந்தாவும் மெத்தைகளும் ஞாபகத்துக்கு வந்தன. நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் 'மார்லின் லுவாண்டா' டேங்கர் ஏவுகணை பட்டு எரிந்தபோது, அதில் 22 இந்தியர்கள் இருந்தார்கள். தீயணைக்கும் ஆட்களோடு ஓடிப்போனது நம் ஐஎன்எஸ் விசாகப்பட்டினம். அந்தக் கடற்படைப் பிள்ளைகளுக்குக் கையெடுத்துக் கும்பிடு போடுகிறேன். ஆனால் அவர்கள் வருவது அடிபட்ட பிறகு.

இனி உங்கள் காலத்துக் கதை. 2019 ஜூலை 4-இல் ஜிப்ரால்டர் பக்கம் ஈரானிய எண்ணெய் ஏற்றிய 'கிரேஸ் 1' டேங்கரை பிரிட்டிஷ் படை பிடித்தது. அதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். இரண்டு வாரம் கழித்து ஹோர்முசில் பிரிட்டிஷ் கொடி போட்ட 'ஸ்டெனா இம்பெரோ'வை ஈரான் பிடித்தது. இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். யோசித்துப் பாருங்கள். லண்டனுக்கும் தெஹ்ரானுக்கும் தகராறு. இந்தக் கையில் அடைபட்டதும் நம் பிள்ளைகள், அந்தக் கையில் அடைபட்டதும் நம் பிள்ளைகள். கடலூரில் பீரங்கிப் பக்கம் நின்றவர்களின் இடத்தில்தான் இவர்களும் நின்றார்கள்.

2024 ஏப்ரல் 13-இல் ஹோர்முஸ் பக்கத்தில் ஈரான் படை 'எம்எஸ்சி ஏரீஸ்' கப்பலில் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு விட்டு இறங்கியது. 25 பேரில் 17 பேர் இந்தியர்கள், அதில் ஒரு பெண் பயிற்சி பெற வந்த டெக் கேடட். உங்களைப் போல ஒரு பிள்ளை. அவரைச் சில நாளில் அனுப்பிவிட்டார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் ஏவுகணை பட்டு மூன்று பேர் செத்தார்கள், இருவர் பிலிப்பைன்ஸ், ஒருவர் வியட்நாம். 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூத்திகள் பிடித்த 'கேலக்ஸி லீடர்' ஆட்கள் 25 பேரும் வீடு திரும்பியது 2025 ஜனவரியில். பதினான்கு மாதம். அந்த நாட்களில் செங்கடலில் போன கப்பல்கள், அடுத்த துறைமுகத்தின் பெயர் போடவேண்டிய இடத்தில் 'எல்லோரும் சீனர்கள்', 'ஆயுதக் காவல் உண்டு' என்றெல்லாம் போட்டுக்கொண்டு போயின. நீங்கள் செல்போனில் பார்க்கிறீர்களே, அதே இடத்தில்.

அந்தப் பையனின் கேள்விக்கு இப்போது முழுப் பதில்.

டபுள் பேசிக் நிஜம். ஐடிஎஃப் தொழிற்சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசும் ஐபிஎஃப் ஒப்பந்தத்தில், போர் நடக்கும் பகுதி என்று அறிவித்த இடத்துக்குள் இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு உண்டு. செத்தாலோ ஊனமானாலோ இழப்பீடு இரண்டு மடங்கு. இதெல்லாம் ஏஜென்டே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடக்கூடியது அடுத்த வரி: உள்ளே போகமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னால் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், மேலே இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். ஆனால் இது அந்த ஒப்பந்தம் இருக்கும் கப்பலில்தான். எல்லாக் கப்பலிலும் இல்லை. நீங்கள் ஏறப்போகும் கப்பலில் இருக்கிறதா என்பதைக் கரையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கேங்வேயில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல் தொழிலாளர் உடன்படிக்கையில், பணயமாகப் பிடிபட்டவருக்குப் பிடிபட்ட காலம் முழுவதும் சம்பளம் ஓட வேண்டும் என்று பின்னால் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் அதில் பெயர் சொல்லியிருப்பது கடற்கொள்ளையையும் ஆயுதக் கொள்ளையையும்தான். ஒரு நாட்டின் கடற்படையே கப்பலைப் பிடித்து வைத்தால் அந்த வரி அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதனால் காண்ட்ராக்டில் அந்த இடத்தை விரல் வைத்துப் படியுங்கள். அரசுகள் பிடித்தாலும் சம்பளம் ஓடுமா, வீட்டுக்குப் பணம் போகுமா, காண்ட்ராக்ட் தேதி முடிந்துவிட்டால் என்ன? இதைக் கேட்டால் வேலை போய்விடும் என்று யாராவது சொன்னால், அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஏஜென்டுக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்பதை டிஜி ஷிப்பிங் பட்டியலில் நீங்களே பாருங்கள், நண்பன் சொன்னான் என்று விடாதீர்கள். சீ டைம் கிடைக்காமல் ஒரு வருடம், இரண்டு வருடம் காத்திருக்கும் பிள்ளைகளின் தவிப்பு எனக்குத் தெரியும். வாங்கிய கல்விக்கடனும் தெரியும். அந்தத் தவிப்பைத்தான் சிலர் தேடி வருகிறார்கள். கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ்ஸை அணைத்துவிட்டு, அடிக்கடி கொடியும் பெயரும் மாற்றிக்கொண்டு எண்ணெய் கடத்தும் பழைய டேங்கர்கள் இப்போது நிறைய ஓடுகின்றன. அதில் அடிபட்டால் கேட்பதற்கு முதலாளி யார் என்றே கண்டுபிடிக்க முடியாது. பயிற்சிக்காகக்கூட அதில் கால் வைக்காதீர்கள்.

தெரிந்தே போகிறேன் என்று முடிவெடுப்பவர்களை நான் தடுக்கமாட்டேன். நானும் 1987-க்குப் பிறகு இரண்டு முறை அந்த வழியாகப் போய்வந்தேன். ஆனால் இரண்டாம் தடவை போகுமுன் வீட்டில் சொன்னேன். எந்தக் கப்பல், எந்த வழி, ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், எவ்வளவு வரும், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அம்மா கையில் கொடுத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த நோட்டை மாலை மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மேல் கோயில் குளத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் இருப்பேன். காண்ட்ராக்ட் வந்துவிட்டவர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒரு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகச் சேர்ந்து படிப்போம். அந்தப் பையனையும் பெண்பிள்ளையையும் யாருக்காவது தெரிந்திருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
திருவிடந்தையிலிருந்து ஒரு பழைய இன்ஜின் ரூம்காரன்